ஒரு பீஸ் குறைகிறது

தலெக்வா, ஓக்லஹோமா
14 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை செல்வி எழுதுவது. நான் இங்கே சுகம். நீங்கள், அண்ணி, பிரியங்கா எல்லோரும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நாளைக்குப் பொங்கல். இங்கே கொட்டுகிற பனியில் நான் குக்கரில் பொங்கல் வைத்துச் சூரியன் இருக்கிற திசையை உத்தேசமாகப் பார்த்துக் கும்பிட வேண்டியதுதான்.

போனில் பேசாமல் ஈமெயில் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டு பிரிண்டிங் டேபிள் மேல் வைத்துவிடுகிறீர்கள். பட்டறையே என் கல்யாணத்துக்கு யோசனை சொல்கிறது. இது நீங்கள் மட்டும் படிக்க வேண்டிய விஷயம்.

நவம்பரில் ஒரு பழைய படம் அனுப்பினேனே, இரட்டைச் சடை போட்ட சிறு பெண், "நம்ம பிரியங்காவை உரிச்சு வெச்ச மாதிரி இருக்குது பாருங்க" என்று எழுதி, அதை அழித்துவிடுங்கள். யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.

அது என் வீட்டுக்கார அம்மா வெர்ணாவின் வீட்டுப் படம். வெர்ணா எங்கள் ஆஸ்பத்திரியில் சீனியர் நர்ஸ். செரோக்கி என்கிற அமெரிக்கப் பூர்வகுடி இனத்தவர். இந்த ஊர் அவர்களுடைய தலைநகரம். தெருப் பலகையில்கூட ஆங்கிலத்தோடு அவர்கள் எழுத்தும் இருக்கும். படத்தில் இருப்பது அவருடைய பெரியம்மா, ஒன்பது வயதில் எடுத்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தப் படத்துக்கு நகல் எடுப்பதில்லை, அது வீட்டை விட்டு வெளியே போவதும் இல்லை. செப்டம்பரில் எல்லோரும் கூடும்போது மட்டும் சுவரிலிருந்து இறக்கிச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி போட்டு வைத்து, அதன் முன் தட்டில் பரிமாறுகிறார்கள். எனக்கு அப்போது இது தெரியாது.

அழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் நிம்மதியாக இருப்பேன்.

உங்கள் தங்கை,
அன்புசெல்வி


ராயபுரம், திருப்பூர்
6 பிப்ரவரி 2024

அன்புத் தங்கை செல்விக்கு,

அண்ணன் தங்கதுரையின் ஆசிகள். இங்கே எல்லோரும் நலம். அம்மா முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொண்டு, பனியில் நீ குல்லாய் போடுகிறாயா என்று கேட்கிறார். படத்தை அன்றைக்கே அழித்துவிட்டேன். அதோடு அந்தக் கவலையை விடு.

இனி நல்ல சேதி. பதினான்கு வருடமாக அடுத்தவன் ஆர்டருக்கு ஜாப் ஒர்க்காகப் பிரிண்ட் அடித்துக் கொடுத்த உன் அண்ணனுக்கு முதல் முதலாக ஒரு வெளிநாட்டுப் பையரிடமிருந்து நேரடி ஆர்டர். பன்னிரண்டாயிரம் டீ-சர்ட். துணி வாங்குவது முதல் பெட்டி கட்டுவது வரை நம் பொறுப்பு, பெட்டியில் நம் கம்பெனி பெயர். டிசம்பரில் அந்த அமெரிக்கக்காரர் வந்தபோது நம் சாம்பிள் போர்டைப் பார்த்தார். உனக்குத் தெரியாததா, கையில் கிடைப்பதெல்லாம் நமக்கு டிசைன்தான். தீப்பெட்டிப் படம், காலண்டர், அம்மாவின் சேலைக் கரை, எதையும் விடாமல் குணா கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு துண்டுத் துணியில் அடித்துப் போர்டில் குத்திவிடுவான். முப்பது துண்டில் ஒன்றின் மேல் விரல் வைத்தார் மனுஷர். சின்னச் சின்ன மாற்றம் சொன்னார். இறகுக் கிரீடம் வைத்த இளவரசி. உங்கள் ஊரில் அது நன்றாக ஓடுமாம்.

ஆர்டர் உறுதியான அன்று வெள்ளகோவில் போய் வீரக்குமாரசாமிக்குக் கடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டு வந்தேன். பட்டறையில் முப்பத்திரண்டு பேருக்கும் பிரியாணி போட்டேன். அப்பா இருந்திருந்தால் ராயபுரம் முழுக்க நடந்தே போய்ச் சொல்லியிருப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணு.

அண்ணன்,
தங்கதுரை


தலெக்வா
9 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எல்லோரும் நலம் என்று அறிந்து சந்தோஷம். ஆர்டர் கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டுக் கேட்கிறேன். அந்த இளவரசி யார்? எந்த முகத்தின் மேல் இறகு வைத்தீர்கள்? கீழே ஏதாவது எழுதியிருக்கிறதா?

வெர்ணா சொல்லித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். செரோக்கிகள் இந்த ஊர்க்காரர்களே அல்ல. கிழக்கே வீடு, வயல், பள்ளிக்கூடம், சொந்த எழுத்தில் அச்சடித்த செய்தித்தாள் எல்லாம் வைத்துப் பிழைத்தவர்கள். 1838இல் பட்டாளம் வந்து அடுப்பில் கொதித்த உலையைக்கூட இறக்கவிடாமல் வெளியேற்றி, ஆயிரம் மைல் தள்ளிக் கொண்டுவந்து விட்டது. பதினாறாயிரம் பேரில் நாலாயிரம் பேர் வழியிலும் முகாமிலும் செத்ததாகச் சொல்கிறார்கள். மிச்சம் இருந்தவர்கள் மறுவருடமே இங்கே கூடி உட்கார்ந்து புதிதாக அரசியல் சட்டம் எழுதினார்கள். செப்டம்பரில் கூடுவது அதைக் கொண்டாடத்தான். அவர்களில் இளவரசி என்று யாரும் கிடையாது. அந்த இறகுக் கிரீடமும் அவர்களுடையது அல்ல, எங்கோ இருக்கிற வேறு இனத்தாருடையது.

அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொண்ணூறு வருடத்துக்கு முன்னால், படம் எடுத்த மறுவாரம் அவளை அரசாங்க விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். சடையை வெட்டி, வேறு பெயர் வைத்து, தன் மொழி பேசினால் வாயில் சோப்பு வைத்தார்களாம். மூன்று தடவை ஓடிவந்திருக்கிறாள். முதல் தடவை ரயில் ரோட்டில் பிடித்தார்கள். இரண்டாம் தடவை வீட்டுக்கு ஆறு மைல் இருக்கும்போது பிடித்தார்கள். மூன்றாம் தடவை ஓடியது இந்த மாதிரிப் பனியில். பிடித்துக்கொண்டு போன இரண்டாம் மாதம் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது, இறந்துவிட்டாள் என்று. எங்கே புதைத்தார்கள் என்று அதில் இல்லை. இன்றுவரை தெரியாது. அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு படம்தான்.

சாம்பிளைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அண்ணா. நான் நினைப்பது தப்பாக இருக்கட்டும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

செல்வி


ராயபுரம், திருப்பூர்
24 மார்ச் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் நலமும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. சாயப் பட்டறையிலிருந்து துணி சொன்ன நாளில் வருவதில்லை. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. நாளைக்கு ஹோலி என்று பீகார்ப் பையன்கள் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். சோமனூரில் பெரியப்பா மகனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள், நல்ல இடம். நீயும் ஒரு வார்த்தை சொன்னால் உனக்கும் பார்ப்போம்.

சாம்பிள் கேட்டிருந்தாய். பையர் டிசைனை வெளியே காட்டக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார். அதனால் அனுப்ப முடியவில்லை. மற்றபடி நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை.

பிரியங்கா ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். பள்ளி விட்டதும் நேராகப் பட்டறைக்கு வந்துவிடுகிறாள். காயப்போட்ட டீ-சர்ட் வரிசையின் முன்னால் நின்றுகொண்டு, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "இது நானுங்க, எங்கப்பா என்னையத்தான் அடிச்சிருக்காரு" என்கிறாள். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது.

அண்ணி கேட்டதாகச் சொன்னாள்.

அண்ணன்,
தங்கதுரை


தலெக்வா
25 மார்ச் 2024

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னியுங்கள்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக நீங்களே எழுதிவிட்டீர்கள். பிரியங்காவின் சாயல் என்று நான் சொன்ன முகம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அழித்துவிட்டேன் என்று எழுதிய கையால்தானே அதை ஸ்கிரீனில் ஏற்றினீர்கள்?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பையர் பிள்ளையார் படத்தை ஜட்டியில் அடிக்கச் சொன்னபோது, "உங்க ஆர்டரே வேண்டாமுங்க" என்று சாம்பிளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தவர் நீங்கள். அன்றைக்கு ஊரெல்லாம் என் அண்ணனைப் பற்றிப் பெருமை பேசினேன். இவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாதா?

நானும் ஒன்றை மறைத்தேன். கட்டுப்பாடு எனக்குத் தெரியாது என்று எழுதியது பொய். படத்தைக் காட்டும்போதே வெர்ணா சொன்னார், "போன்ல புடிக்காத செல்வி, எங்களுக்கு வழக்கமில்ல" என்று. அவர் காபி எடுக்க உள்ளே போனார். பிரியங்கா சாயலைப் பார்த்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. எடுத்துவிட்டேன். இந்த ஊருக்கு வந்த முதல் நாள் சாவியைக் கையில் கொடுத்து, "இது உன் வீடு" என்று சொன்ன மனுஷி அவர். அவர் முதுகுக்குப் பின்னால் திருடினேன். ஜனவரியில் அவர் தன் பெரியம்மாவின் முழுக் கதையையும் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் போயிற்று.

நிறுத்துங்கள், அண்ணா. இன்றைக்கே நிறுத்துங்கள்.

செல்வி


ராயபுரம், திருப்பூர்
4 ஏப்ரல் 2024

செல்விக்கு,

அம்மா சுகம். மற்றவர்களும் சுகம்.

எடுத்தவள் நீ. அனுப்பியவள் நீ. சாயல் என்று சொல்லி என்னைப் பார்க்க வைத்தவளும் நீ. இப்போது நான் திருடன். நீ படத்தை அழிக்கச் சொன்னபோது சாம்பிள் போர்டில் ஏறி ஒரு மாதம் ஆகிவிட்டது. பையர் விரல் வைத்த பிறகு என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? இந்த ஆர்டரை நடுவில் நிறுத்தினால் திருப்பூரில் எந்த ஏஜெண்டும் இனி என் படி ஏற மாட்டான். முப்பத்திரண்டு பேரில் பதினெட்டுப் பேர் பெண்கள். அவர்களிடம் போய், தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு பிள்ளைக்காக வேலை இல்லை என்று நான் சொல்ல வேண்டுமா? அந்தப் பிள்ளைக்கு இதனால் என்ன வலிக்கப்போகிறது?

பிள்ளையார் கதையை நீ இழுத்திருக்க வேண்டாம். அது சாமி, இது போட்டோ.

மூவாயிரம் பீஸ் அடித்தாயிற்று. ஜூன் கடைசியில் கப்பல். அந்த அம்மாவிடம் நீ ஒன்றும் சொல்லாமல் இரு. சொன்னால் போகப்போவது உன் வீடுதான்.

தங்கதுரை


தலெக்வா
30 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தானே? இத்தனை நாள் நான் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை, பயம்தான் பெரிய காரணம். மூன்று வாரத்துக்கு மேல் வெர்ணாவின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒவ்வொரு வேளையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்து, சாப்பிட்டுக் கை கழுவி எழுந்தேன். உங்கள் கடைசி வரி காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

போன மாதக் கடைசியில் சொல்லிவிட்டேன். எடுத்தது, அனுப்பியது, நீங்கள் அடித்தது, இறகு, இளவரசி, ஒன்றும் விடவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய்ப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தார். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. திரும்பி வந்து, "உங்கம்மாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். இங்கே குலம் அம்மா வழியில் வருகிறது. எதைக் கேட்டாலும் அம்மாவிடமிருந்துதான் தொடங்குவார்கள். தெரியாது என்றேன். "சாவிய மேசை மேல வெச்சிட்டுப் போ" என்றார்.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறேன். நான்கு வாரம் வார்டில் வேலையைத் தவிர அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நோயாளிகளின் முன்னால் அழாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நேற்று ஷிப்ட் முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"எத்தன அடிச்சிருக்காங்க?"

"மூவாயிரம்னு எழுதியிருந்தாருங்க. இப்ப கூடியிருக்கும்."

"எங்கம்மா சாகிற வரைக்கும் அவளத் தேடுனாங்க. பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் பாத்தாங்க, அரசாங்கத்துக்கு எழுதிப் பாத்தாங்க. எங்க இருக்கான்னு ஒருத்தனுக்கும் தெரியல. இப்ப அவ ஆயிரக்கணக்குல இருக்கறா. ஒவ்வொருத்தி எங்க இருக்கான்னும் உங்கண்ணனுக்குத் தெரியும். அவ அங்க ஒரு கடைக்கும் போகக் கூடாது. எல்லாரையும் ஊட்டுக்கு அனுப்பச் சொல்லு."

அவ்வளவுதான். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிரட்டவில்லை, வக்கீல் பெயரைச் சொல்லவில்லை.

நான் கெஞ்சவில்லை, அண்ணா. அவர் கேட்டதை உங்களிடம் சேர்த்துவிட்டேன்.

செல்வி


ராயபுரம், திருப்பூர்
16 ஜூன் 2024

அன்புத் தங்கை செல்விக்கு,

அண்ணன் எழுதுவது. நீ தனி அறையில் இருப்பதாகப் படித்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பிடுகிறாயா? என்னால்தான் உனக்கு இந்த நிலை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தை அம்மாவிடம் மறைக்கலாம் என்று நினைத்தேன். அந்த அம்மா முதலில் உங்கம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டதை மட்டும் தாண்ட முடியவில்லை. மூன்றாம் நாள் உன் பழைய கடிதங்களையும் சேர்த்து முழுதும் படித்துக் காட்டினேன். அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "தூக்கிட்டு வந்த புள்ளையக் கொண்டு போய் அவிங்க ஊட்டுல உட்டுட்டு வா சாமி, அப்பறந்தான் எனக்குச் சோறு" என்றார். நம் அம்மாவைத் தெரியுமே. அன்றைக்கு ராத்திரியும் மறுநாள் காலையும் சாப்பிடவில்லை.

பிரிண்டிங் டேபிள்களை நிறுத்தினேன். பையரிடம் இருந்ததை இருந்தபடி சொன்னேன், படம் எனக்குச் சொந்தமில்லை என்று. வேறு யாரிடமாவது அடித்துக்கொள்கிறேன் என்றார். டிசைன் கோப்பு குணாவின் கம்ப்யூட்டரைத் தாண்டி வெளியே போகவில்லை என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். குணாவே என் எதிரில் அதை அழித்தான். அச்சு ஸ்கிரீன்களை நானே கிழித்தேன். ஆர்டர் போயிற்று. மறுபடி ஜாப் ஒர்க்தான். பதினான்கு வருடம் செய்ததுதானே, கை மறக்கவில்லை.

உண்மையை எழுதுகிறேன். ஏப்ரலில் உனக்குக் கோபமாக எழுதிய பிறகும் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். மொத்தம் நாலாயிரத்து அறுநூற்று இருபது.

சேதி பரவி மறுநாளே காதர்பேட்டையிலிருந்து அப்துல் ரவூப் பாய் வந்துவிட்டார். பழக்கமானவர், கெட்டவர் இல்லை. "பிரிண்ட் பூசிக்கிச்சா துரை? லாட்டா நான் எடுத்துக்கிறேன்" என்றார். இந்த ஊரில் பையர் வேண்டாம் என்ற துணி எதுவும் வீணாவதில்லை. காதர்பேட்டை போய், அங்கிருந்து பஸ் ஏறிச் சந்தை சந்தையாகப் போகும். வெட்டிப் போட்டாலும் வேஸ்ட் துணிக்காரர் எடைக்கு எடுத்து லாரிப் பட்டறைக்குக் கொடுப்பார். கிரீஸ் துடைக்க. அதை நினைத்தபோதுதான் செல்வி, எனக்கு முதல் முறையாக உடம்பு கூசியது. அந்த முகத்தில் கிரீஸைத் துடைக்கிற கையை என் கண் பார்த்துவிட்டது. அது போட்டோ என்று உனக்கு எழுதினேனே, அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். டீயைக் குடித்து முடித்து, "புள்ள விவகாரத்துல நான் வரல துரை" என்று எழுந்துவிட்டார்.

எழுபத்தேழு பெட்டி, பெட்டிக்கு அறுபது. மற்றவர்கள் கைபடாமல் நானும் குணாவும் எண்ணி மடித்து வைத்தோம். கடைசிப் பெட்டியில் ஐம்பத்தொன்பதுதான் வந்தது. மூன்று முறை எண்ணிவிட்டேன். ஒரு பீஸ் குறைகிறது. பீகார்ப் பையன்களின் அறை, டெய்லர் பகுதி, குப்பை மூட்டை எல்லாவற்றையும் தேடியாயிற்று. ஒன்று குறைய அனுப்பினால் அந்த அம்மா என்னை மறுபடியும் திருடன் என்றுதானே நினைப்பார்? ஆனாலும் இருபதாம் தேதி தூத்துக்குடியில் கப்பல். ஒரு பீஸ் குறைகிறது என்பதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடு. பொய் போதும்.

உன் அண்ணன்,
தங்கதுரை


ராயபுரம், திருப்பூர்
2 ஜூலை 2024

அன்புள்ள அத்தைக்கு,

பிரியங்கா எழுதுகிறேன். நான் நலம், நீங்கள் நலமா? இது அப்பாவின் ஈமெயில்தான். ஆனால் அனுப்பியதும் அழித்துவிடுவேன். அப்பாவிடம் சொல்லாதீர்கள்.

அந்த ஒரு டீ-சர்ட் என்னிடம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பைக்குள் வைத்து எடுத்து வந்து கோலப்பொடி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அது நான்தான் என்று நினைத்து எடுத்தேன். பிறகு அப்பா அப்பாயியிடம் உங்கள் கடிதங்களைப் படித்ததைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அது நான் இல்லை என்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு நிறைய அழுதேன். என் முடியை யாராவது வெட்டினால் நானும் ஓடித்தான் போவேன்.

அப்பா எல்லோர் பையிலும் தேடினார், என் பையில் மட்டும் தேடவில்லை. நான் கொடுத்திருக்கலாம். ஆனால் பெட்டிக்குள் அறுபது அறுபதாக அடுக்கி டேப் ஒட்டியதைப் பார்த்ததும் எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை. அவளுக்கு மூச்சு முட்டும்.

இன்னொரு தப்பும் செய்துவிட்டேன். அந்தக் கிரீடம் அவளுடையது இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதனால் கறுப்பு மார்க்கரால் இறகையெல்லாம் அடித்துவிட்டேன். கீழே இளவரசி என்று இங்கிலீஷில் இருந்த எழுத்தையும் அடித்துவிட்டேன். இப்போது பார்த்தால் தலை நிறைய முடி இருக்கிற மாதிரி இருக்கிறது.

அவளுடைய நிஜப் பெயர் என்ன? வெர்ணா பாட்டி கேட்டால் உடனே அனுப்பிவிடுகிறேன். கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பிரியங்கா


தலெக்வா
8 செப்டம்பர் 2024

அன்புள்ள பிரியங்கா கண்ணுக்கு,

அத்தையின் முத்தங்கள். நலமா? இதற்குப் பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. பதில் என்னிடம் இல்லை, கண்ணு. வெர்ணாவிடம்தான் இருந்தது. இந்தக் கடிதத்தை அப்பாவிடமே காட்டு. இனி ஒளிக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் பெட்டிகள் வந்து சேர்ந்தன. குடும்பம் கூடுகிற வாரம். வெர்ணா ஆள் அனுப்பி என்னையும் வரச் சொன்னார். போனேன். நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பெரிய காரியம் என்றால் எல்லோரும் கூடிக் கை கொடுப்பது அவர்கள் வழக்கம். முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கு ஒரு கத்திரி. யாரும் என்னிடம் பேசவில்லை. வெர்ணா ஒரு கத்திரியை எடுத்து என்னிடம் நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு வட்டத்தில் உட்கார்ந்தேன்.

இறகை வெட்டி ஒரு பக்கம், எழுத்தை வெட்டி ஒரு பக்கம், முகத்தை மட்டும் தனியாக. திருப்பூர்க்காரி ஆயிற்றே, எட்டுத் துணியைச் சேர்த்து அடுக்கி ஒரே வெட்டில் முடிக்கலாம் என்று அடுக்கினேன். வெர்ணா என் கையைப் பிடித்தார். "கும்பலா வேண்டாம். ஒவ்வொருத்தியா" என்றார். மூன்று நாள் ஆயிற்று. வெட்டும்போது ஒவ்வொருவரும் அந்த முகத்தைப் பார்த்து அவள் பெயரைச் சொன்னார்கள். முதல் நாள் எனக்கு அந்தப் பெயர் நாக்கில் வரவில்லை. மூன்றாம் நாள் தானாக வந்தது. பிறகு வெர்ணாவின் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் குழி வெட்டி, எல்லா முகங்களையும் அவர்கள் வீட்டுக் கம்பளியில் சுற்றி வைத்து மூடினார்கள். தொண்ணூறு வருடம் கழித்து அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். அங்கே நின்று வாய்விட்டு அழுதேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் மேசையில் அவள் படத்தை வைத்துப் பரிமாறினார்கள். அப்போது வெர்ணா எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார், "கணக்கு சரிதானா?" உன் அப்பா சொன்னபடி மறைக்காமல், ஒரு பீஸ் குறைகிறது என்றேன். உன் கடிதத்தை எடுத்து ஆங்கிலத்தில் படித்தேன். கோலப்பொடி டப்பா, பெட்டிக்குள் மூச்சு முட்டும் என்றது, மார்க்கரால் முடி வரைந்தது, எல்லாவற்றையும்.

வெர்ணா வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கடைசியாக நான் சிரிப்பைப் பார்த்தது ஏப்ரலில். அவர் முகத்தில் மெதுவாக அது வந்தது.

"மூணு தடவ ஓடுனா, மூணு தடவையும் புடிச்சிட்டாங்க" என்றார். "நாலாவது தடவ ஓடிட்டா பாரு."

நீ அனுப்ப வேண்டாமாம். யார் வந்து கேட்டாலும் கொடுக்காதே என்று சொல்லச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவின் போனை ஸ்பீக்கரில் போடாமல் நீயே காதில் வைத்துக்கொள். அவள் பெயரை உனக்கு வெர்ணாவே சொல்வார்.

அப்பாயிக்குச் சொல், பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிட்டாள் என்று. அப்பாவுக்குச் சொல், என் வீட்டுச் சாவி திரும்பக் கிடைத்துவிட்டது என்று.

உன் அத்தை,
அன்புசெல்வி